இருபத்தேழு வில்லைகள்

மாப்பிள்ளை அந்தச் சாக்கு மூட்டையை என் மேசையோரம் இறக்கி வைத்தபோது நான் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் தங்கையின் கணவர். தார்க் கலவை போடும் பிளாண்ட்டில் ஆபரேட்டர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதே வளாகத்தின் மறுகோடியில் இருக்கும் சோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக நான் டெக்னீஷியன்.

“மச்சான், இதைக் கொஞ்சம் உடைச்சுப் பாருங்களேன். இந்தக் கலவையில பாதிக்குப் பாதி பழசு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த தாரைப் புதுக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் விரிசல் விடும் என்று போன வருடம் அறிக்கை எழுதியவன் நான். வெயிலில் கிடந்து பசை வற்றிப்போன தார் அது. ஹோட்டல்களில் பொரித்துக் கழித்த எண்ணெயை ஊற்றி அதற்கு உயிர் கொடுக்கப் பார்த்து, தோற்று, கோப்பை மூடியிருந்தேன்.

“நீங்க சொன்ன அதே எண்ணெய், அதே அளவுதான் மச்சான். அன்னைக்கு மழை வந்து வேலை நின்னுபோச்சா, எண்ணெய் தெளிச்ச குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிட்டுப் போயிட்டேன். மறுநாள் பார்த்தா பளபளன்னு இருந்துச்சு. ஊறணும் போல. நாமதான் அவசரப்பட்டுட்டோம்.”

‘நாம’ என்றது அவருடைய பெருந்தன்மை. அவசரப்பட்டவன் நான் ஒருவன்தான்.

மூட்டை மூன்று நாள் அப்படியே கிடந்தது. நாலாம் நாள் எங்கள் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பான இன்ஜினியரம்மா கேட்ட பிறகுதான் பிரித்தேன். சூடாக்கி, அச்சில் கொட்டி, மேலும் கீழும் எழுபத்தைந்து அடி அடித்து, உள்ளங்கையளவு மூன்று வில்லைகள் செய்தேன். அரை மணி நேரம் வெந்நீரில் போட்டு எடுத்து, அழுத்தும் இயந்திரத்தில் வைத்தேன். எங்கே சரியும் என்று நான் எதிர்பார்த்தேனோ அந்த இடத்தைத் தாண்டி முள் நிதானமாக ஏறியது. புதுக் கலவைக்குச் சமமாக நின்றது.

நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது.

அன்று வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். “எங்க மாப்பிள்ளை பழைய ரோட்டையே புது ரோடா ஆக்கிட்டாராம்! மூளைன்னா மூளை.” நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் மட்டும், “ரோடு ஆபீஸ்ல ஏதோ கல்லு உடைக்கிறான்” என்பாள். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மழைக்கு ஒதுங்கிய மனிதருக்குக் கிடைத்தது, பதினோரு வருடம் குனிந்தே கிடந்த எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

மறுநாளிலிருந்து அதை உடைப்பதே என் வேலையானது. விதிப்படி மூன்று வில்லை போதும். எனக்குப் போதவில்லை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தேன்; நின்றது. ஐஸில் புதைத்துப் பக்கவாட்டில் பிளந்தேன். புதுக் கலவை தாங்கிய அளவை இதுவும் தாங்கியது. மறுபடி அடுப்பில் வைத்து ஐந்து நாள் காயவிட்டுப் பிளந்தேன். எங்காவது ஒன்றாவது பொலபொலவென்று உதிராதா என்றிருந்தது. மூட்டை காலியானபோது மாப்பிள்ளையிடமே போய் இன்னொன்று கேட்டேன். முகமெல்லாம் சிரிப்பாகக் கொண்டுவந்து தந்தார்.

அடுத்த வாரம் இந்தக் கலவையைப் பற்றி முடிவு சொல்லத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். மாப்பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

“ஒரு தடவை குருட்டாம்போக்குல அமைஞ்சிருக்கும்பா. மூணு வில்லையை வச்சு நான் ரோடு போட முடியுமா?” என்றார் அதிகாரி.

மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். எல்லாச் சோதனைகளையும் குறித்து வைத்திருந்த என் நோட்டுப் புத்தகம் இழுப்பறைக்குள் இருந்தது. அது அங்கே இருப்பது வேறு யாருக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், காரியம் அன்றோடு முடிந்துவிடும். அதிகாரி எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“மூணு இல்லைங்க சார். இருபத்தேழு” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. நான் எழுதிய எண்கள் பொய்யாகிப் போவதை என்னால் தாங்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் எடுத்து நீட்டிய நோட்டை அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இவ்வளவு கொடுமைப்படுத்தியும் நின்னுருக்கா?”

“வீட்டு மாப்பிள்ளையாச்சே சார்,” என்றார் இன்ஜினியரம்மா. “எவ்வளவு பாசம் பாருங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. கண் கலங்கி நின்றார். அதைப் பார்ப்பதைவிட நான் அந்த இயந்திரத்துக்கடியில் கையைக் கொடுத்திருக்கலாம்.

ஊறவைத்த கலவையில் அரைக் கிலோமீட்டர் ரோடு போட்டார்கள். முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் அங்கே வண்டியை நிறுத்தினேன். எதற்காக நிறுத்தினேன் என்பது எனக்குத் தெரியும். எனக்கு முன்பே மாப்பிள்ளை அங்கே வந்து, ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“பயமா இருக்கு மச்சான். ஆனா தப்பு இருந்திருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க. அதை நெனச்சுதான் தூங்குறேன்.”

நான் அவர் பக்கத்தில் குந்தினேன். ஜல்லி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. இருவரும் எழுந்து ஒதுங்கினோம். எங்கள் மேல் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு அது போனது. மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்காமல், சக்கரம் போன தடத்தில் தண்ணீர் வழிந்து விலகக் காத்து, ஈரக் கருப்பில் ஒரு மயிரிழை விரிசலையாவது தேடிக்கொண்டிருந்தேன்.