அக்கா குரலுக்கு எரிந்த விளக்குகள்

மிக்சி சத்தத்துக்குச் சுவரில் பாதி விளக்குகள் எரிந்தன. அழைப்பு மணிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அடுத்து ஒலிபெருக்கியில் அக்காவுடைய குரலே வந்தது: "தம்பி, இங்க வா." சுவர் முழுக்கப் பளீரென்று எரிந்ததில் அவளுக்குக் கண் கூசியது.

அவள் ஓவியம் வரைபவள். ஆட்டிசம் உள்ள தம்பிக்குப் பேச்சு வரவில்லை. பஸ்ஸில் அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினால் முறைக்கிறவர்கள், "அடக்கி வைக்கத் தெரியாதா" என்று கேட்கிறவர்கள், எல்லாரும் வந்து, சத்தம் அவனை என்ன செய்கிறது என்று பார்க்கட்டும் என்ற வீம்பில் பிறந்ததுதான் இந்தக் கண்காட்சி. மூளையை ஆராயும் டாக்டரம்மா கைகொடுத்தார். தம்பியின் தலையில் கம்பிகள் கோத்த தொப்பியை மாட்டி, வீட்டுச் சத்தங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, மூளை எவ்வளவு துள்ளுகிறது என்று பதிவு செய்தார். அந்த அளவுக்கு விளக்குகள் எரியும்படி அக்கா சுவரை அமைத்தாள். தொப்பியைக் கண்டாலே ஓடியவனைத் தாஜா செய்ய, அவளும் ஒன்றை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள்.

"வயர் எங்கயாவது மாறியிருக்குமா டாக்டர்?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். திரும்பப் பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு."

"அப்ப மிக்சிய விட நான்தான் அவனுக்குப் பெரிய இம்சை."

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. பயந்தாலும் துள்ளும். ரொம்ப வேண்டியவங்க கூப்பிட்டாலும் துள்ளும். எதுன்னு மெஷினுக்குத் தெரியாது."

"இத மட்டும் எடுத்துடலாமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுக்கலாம். ஆனா இதுவும் உங்க தம்பி சொன்னதுதானே."

அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் ஒலிப்பது அவள் குரல் ஒன்றுதான். பல் தேய், குளி, கத்தாதே, யாராவது பார்க்கப்போறாங்க. அதில் எத்தனை அவனுக்காகச் சொன்னது, எத்தனை தன் மானத்துக்காகச் சொன்னது?

"இருக்கட்டும்," என்றாள்.

சாயங்காலம், துணைக்கு இருந்த அடுத்த வீட்டு அத்தை கிளம்பிப் போனதும், அவள் ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள். தம்பி தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். அவள் ஒன்றும் பேசாமல் எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கை உரித்தாள். வெகுநேரம் பட்டாணி கிண்ணத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அதுவும் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். பாதி பிளந்த தோல் கையிலிருக்க, தம்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.