துக்க டூட்டி

எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறேன். வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் எம்.காம். படித்தேன். கடைசி ஐந்து தாள் பாக்கி. இந்த முறை எழுதாவிட்டால் கெடு முடிந்து எல்லாம் ரத்தாகும். மறுபடி சேர மாட்டேன் என்று எனக்குத் தெரியும். என் மனைவி மகிமா இறந்த பிறகு நான் எதையும் புதிதாகத் தொடங்கியதில்லை.

சூப்பர்வைசர் ஹென்றி சாரிடம் லீவு கேட்டேன்.

"ரெண்டு கப்பல் வருதுப்பா. பரீட்சைக்கெல்லாம் எப்டி வுடறது?"

சரி என்றேன். அந்த வருடம் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னேன்.

கேன்டீனில் தண்டபாணி மறித்தான். எங்கள் ஷிஃப்ட்காரன்.

"இன்னா மாமு, லீவு குட்த்தாரா?"

"இல்ல."

"நீயும் சரின்னு வந்துகினியா? நல்லா படிச்ச போ." டீ கிளாஸை என் பக்கம் தள்ளினான். "மகிமா போனப்போ துக்க டூட்டி எட்த்தியா நீ?"

எங்கள் யார்டில் ஒரு வழக்கம். வீட்டில் சாவு விழுந்தால் ஷிஃப்டில் உள்ளவர்கள் ஆளுக்கொரு நாள் அவனுக்குப் பதிலாக வேலை செய்வார்கள். சூப்பர்வைசரும் குறுக்கே நிற்கமாட்டார். நான் வாங்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே கிரேனில் ஏறிவிட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

"எடுக்கல."

"அப்போ நாங்க செய்ய வேண்டியது அப்டியே கீது. இப்போ எட்த்துக்க."

"அது துக்கத்துக்கு."

"உனுக்கு முடிஞ்சிடுச்சா?"

எழுந்து கை கழுவப் போனேன்.

அவனே ஹென்றி சாரிடம் போனான். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். தலையாட்டினார். தன் அப்பா இறந்தபோது அவரும் துக்க டூட்டி வாங்கியவர்தான்.

ஐந்து தாளுக்கு ஐந்து பேர். தங்கள் ஷிஃப்டையும் முடித்து என்னுடையதையும் செய்தார்கள். அவர்களில் நெல்சன் கிரேன் ஏணியில் ஏறும்போதே கொட்டாவி விட்டானாம். நான் ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். ஐந்து நாளும் கடைசி மணி அடிக்கும்வரை எழுதினேன்.

முடிவு வந்தபோது கிரேன் கேபினில் இருந்தேன். போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாக்கி டாக்கியில் தண்டபாணி கத்தினான்.

"இன்னாச்சி, சொல்லித் தொல நைனா! கீழ ஒருத்தனும் வேல செய்யல!"

பொத்தானை அழுத்தினேன். "அஞ்சும் பாஸ். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

கீழே விசில். வரிசையில் நின்ற டிரெய்லர்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்தன. காரணம் தெரியாத டிரைவர்களும் அடித்தார்கள். சத்தம் அடங்கியதும் ஹென்றி சாரின் குரல்.

"எம்.காம். சார், லாரி நிக்குது. மனசு வெச்சுப் பொட்டிய எறக்குறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பதில் சொல்லப் பொத்தானை அழுத்தியிருந்தேன் போலிருக்கிறது. யார்டு முழுக்க அது கேட்டது.