சுவரில் சிரிக்கிறவர்

மலைப்பாதையில் எழுபது வளைவு ஏறி வருகிற எவருக்கும் வயிற்றைப் புரட்டும். அந்தப் புரட்டலை நம்பித்தான் அடிவாரத்துக் காரவள்ளி ஊர்க்காரர் சின்னுசாமி, மலை ஏறியதும் வருகிற முதல் திருப்பத்தில் ஓலைக் கொட்டகை போட்டார். முன்னால் எலுமிச்சை சோடா, பின்னால் சாராயம். ஓலை தகரமாகி, தகரம் காரைக் கட்டிடமாகி, இன்று அவர் மகன் ராஜாமணி கண்ணாடிக் கதவு வைத்து பார் நடத்துகிறான். எங்கள் ஊர் ஆண்கள் குடித்தே கட்டிக்கொடுத்த கட்டிடம் அது. என் வீட்டுக்காரர் பழனிமுத்து ஒரு சுவராவது கட்டியிருப்பார். கட்டிவிட்டுக் குடல் வெந்து செத்தார்.

கடைக்கு இருபத்தைந்து வருஷமாம். சுவர் முழுக்கப் பழைய போட்டோக்களை மாட்டி, மேலே ‘எங்கள் வரலாறு’ என்று எழுதிவிட்டான். நடுவில் என் வீட்டுக்காரர், கையில் கிளாஸோடு பல் தெரியச் சிரிக்கிறார். கீழே ‘முதல் வாடிக்கையாளர்’. வாசலூர்பட்டி ஏரிக்குப் படகு சவாரி போகிறவர்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை என் மகள் சத்யாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் கீழேயிருந்து வேனில் வருகிறார்கள். அங்கே நிறுத்தி சோடா குடிக்காமல் வரமாட்டார்கள். பெண்ணின் அப்பன் சுவரில் இளிப்பதைப் பார்ப்பார்கள். அதற்குள் அதைக் கழற்றியாக வேண்டும்.

"ஏனுங்க, அந்தப் போட்டோவ எடுத்துருங்க. புள்ளைக்கு நிச்சயமுங்க" என்றேன்.

"கடை தொறந்த அன்னிக்கு எங்கப்பா எடுத்ததுங்க. முடியாது" என்றான் ராஜாமணி. "உங்க ஊட்ல அவரு இப்புடிச் சிரிச்சிருக்காரா?"

குடித்துக்கொண்டிருந்தவர்கள் கெக்கலித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியில் ஏறிப் படத்தைப் பிடுங்கினேன். அவனும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தான். படம் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கியது. உள்ளே மடித்து மறைத்திருந்த பாதிப் படம் விரிந்துகொண்டது.

அந்தப் பாதியில் ரோடு. ரோட்டோரம் நான். தலையில் கிழங்குக் கூடை, இடுப்பில் கைக்குழந்தையாக சத்யா. கடைக்குள் கால் வைக்கக் கூசி, வெளியே நின்றே அவரைக் கூப்பிடுகிறேன். வாய் திறந்தபடி இருக்கிறது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறார்.

கடை திறந்த முதல் நாளே அவரைக் கூப்பிட்டு நின்றிருக்கிறேன். இத்தனை வருஷமும் அவமானம் என்னுடையது என்றே சுமந்துவிட்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

படத்தை முழுசாக விரித்து அதே ஆணியில் குத்தினேன்.

ராஜாமணியின் முகம் செத்துவிட்டது. "இதப் பாத்தா யாவாரம் கெட்டுருமுங்க. நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க."

"இருக்கட்டுங்க. வெள்ளிக்கெழம மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வருவாங்க. இடுப்புல இருக்கறதுதான் பொண்ணுன்னு நீங்களே சொல்லிருங்க."