விழத் தெரிந்தவள்

"நல்ல பள்ளியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு, போதும்."

"நான் வேலை பார்க்கிற இடத்தைப் பத்தி என்கிட்டயே கேக்கிறீங்களே, அண்ணி."

"வேற யார்கிட்ட கேக்க? ஹோட்டல்ல சாப்பிடலாமான்னு சமையல்காரர்கிட்டதான் கேக்கணும்."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். மேஜைமேல் பாதி தேய்த்த வெள்ளைக் கோட்டு கிடந்தது. அண்ணியின் மகளுக்கு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை கிடைத்திருந்தது, ஆனால் மாலை ஷிப்ட். முடிந்து வரும்போது பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் பழைய கிடங்கின் நீளமான சுவரை ஒட்டித் தனியாக நடக்க வேண்டும். போன மாதம் அந்தச் சுவரோரத்தில்தான் யாரோ ஒரு பெண்ணைக் கீழே தள்ளிக் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

"பிரவுன் பெல்ட் வாங்கியிருக்கா, போட்டோவைக்கூட சுவத்துல மாட்டியாச்சு. எல்லாம் சரி. யாராவது கையைப் பிடிச்சா விடுவிச்சுக்கிட்டு ஓடி வருவாளா? நீ 'வருவா'ன்னு சொன்னா வேலையில சேரட்டும். இல்லேன்னா நாளைக்குக் காலையில வேண்டாம்னு சொல்லிடலாம்."

"வருவா."

"யோசிக்காமயே சொல்றியே."

"என் மாணவி, அண்ணி."

"அதான் பயமா இருக்கு" என்று அண்ணி சிரித்தாள். பிறகு குரலை இறக்கி, "தப்பா நினைக்காதே. கண்ணாடித் தடுப்புக்கு வெளியில உக்காந்து பார்க்கிறப்ப, உங்க பள்ளியில எல்லாரும் ஏன் இவ்வளவு சுலபமா விழுறாங்கன்னு தோணும்" என்றாள்.

தெருவில் நாத்தனாருக்குப் பெயர் மாஸ்டர். காய்கறிக் கடைக்காரரிலிருந்து சொந்த அண்ணன் வரை, பாதி கேலியும் பாதி மரியாதையுமாக அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற தற்காப்புக் கலைப் பள்ளி ஒன்றில் அவள் பயிற்சியாளர். எந்தக் கிளைக்குப் போனாலும் அதே நீல மேட், அதே ஆளுயரக் கண்ணாடி, தரை துடைத்த அதே எலுமிச்சை வாசனை. ஒரு கிளையில் தூங்கிப்போய் இன்னொரு கிளையில் விழித்தால்கூட வித்தியாசம் தெரியாது என்று அவள் சில சமயம் நினைத்துக்கொள்வாள். அங்கே பயிற்சியாளர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம், வந்தவர் யாரும் தோற்றவராக வீட்டுக்குப் போகக் கூடாது என்பது. அதனால் மாணவர் பிடித்து இழுத்தால் பயிற்சியாளர் விழுந்து கொடுக்க வேண்டும். தோள் முதலில், பிறகு முதுகு, கடைசியில் உள்ளங்கையால் மேட்டில் பளாரென்று ஓர் அடி. அந்தச் சத்தத்துக்குக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பெற்றோர்கள் கைதட்டுவார்கள். மாஸ்டரைப் போல விழ எந்தக் கிளையிலும் ஆள் இல்லை. புதிதாக வரும் பயிற்சியாளர்களுக்கு அவள் விழுவதைத்தான் படம்பிடித்துக் காட்டினார்கள்.

அண்ணியின் பேச்சு அவளுக்குச் சுருக்கென்றது.

"சாயங்காலம் வேற ஒரு தற்காப்பு கிளப்புக்குப் போறேன். உங்க பொண்ணும் வரட்டும். அவங்க எப்படி, நாங்க எப்படின்னு பக்கத்துல வச்சுப் பார்த்துட்டே சொல்றேன்."

"தாராளமா. நீ என்ன சொல்றியோ அதுதான்" என்று அண்ணி மறுபடி இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

அந்தக் கிளப் பொது நீச்சல் குளத்துக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே குளோரின் நெடி மூக்கில் ஏறியது. மேட்டுகளின் கிழிசலுக்கு அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பைப் போட்டிருந்தார்கள். கண்ணாடி எதுவும் இல்லை. வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மாஸ்டர் பள்ளியின் சின்னம் தைத்த வெள்ளைச் சீருடையும் கறுப்புப் பெல்ட்டுமாக வந்திருந்தாள். உள்ளே இருந்தவர்கள் அரைக்கால் சட்டையிலும் பழைய பனியனிலும் இருந்தார்கள்.

"பார்த்தியா, வரவேற்க ஆள் இல்லை. வரிசை இல்லை" என்று அண்ணன் மகளின் காதில் சொன்னாள்.

அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு தபால்காரர் (கால்சட்டை மட்டும் இன்னும் வேலை உடுப்புதான்) தன்னில் பாதி எடையுள்ள ஒரு பெண்ணின் பிடியில் சிக்கித் திமிறிக்கொண்டிருந்தார். முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது. கடைசியில் மேட்டைத் தட்டி, விட்டுவிடச் சொன்னார்.

"அவரு தோத்துட்டாரு, அத்தை."

"ஆமா."

"சிரிக்கிறாரு."

மாஸ்டர் தன் பெல்ட்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

வகுப்பை நடத்தியவர் ஒரு பல் டாக்டர். சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். மாஸ்டரின் பெல்ட்டைப் பார்த்ததும் கண்ணை விரித்தார். "அடேயப்பா, கறுப்பு பெல்ட்டா! எங்ககிட்ட அதெல்லாம் இல்லைங்க. வாங்க, சும்மா லேசா பிடிச்சுப் பார்ப்போம். என் ஜலதோஷம் தொத்திக்கிட்டா நான் பொறுப்பில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தாள். அண்ணன் மகள் பார்க்கிறாள் என்பது முதுகில் வெயில்போல உறைத்தது. தலை குனிந்து வணங்கி, கால்களை அகட்டி நின்றாள்.

டாக்டர் ஒரு கையை அவள் சட்டைக் காலரை நோக்கி நீட்டினார்.

மாஸ்டர் விழுந்தாள். தோள், முதுகு, உள்ளங்கை. பளார்.

நல்ல விழுதல் அது. மேற்கூரையின் குழல்விளக்கைப் பார்த்தபடி, பழக்கத்தால், கைதட்டலுக்காக ஒரு கணம் காத்திருந்தாள். கீழே குளத்தில் யாரோ நீரில் குதிக்கும் ஓசைதான் வந்தது. தலையைத் திருப்பியபோது டாக்டரின் கை நீட்டிய இடத்திலேயே நின்றிருந்தது. அது அவளைத் தொடவே இல்லை.

"அய்யோ, வழுக்கிடுச்சா?" டாக்டர் குனிந்து மேட்டைத் தடவினார். "ஈரமா இருக்கும்போல."

மேட் காய்ந்திருந்தது. இருவருக்கும் அது தெரிந்தது.

"ஆமா, கொஞ்சம் ஈரம்" என்றாள் மாஸ்டர்.

இந்தத் தடவை விழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கால் விரல்களால் மேட்டைப் பற்றிக்கொண்டாள். டாக்டர் மெதுவாக, ஒரு நோயாளியின் தாடையைப் பிடிப்பதுபோல, அவள் சட்டைக் கையின் நுனியைப் பிடித்தார். அவ்வளவுதான். யாரோ பொத்தானை அழுத்தியதுபோல முழங்கால் தானாக மடங்கியது. மறுபடியும் தோள், முதுகு, பளார்.

இப்போது ஈரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். தபால்காரர் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேலியே இல்லாத முகம். "எவ்வளவு அழகா விழுறீங்க! நான் விழுந்தா மூட்டை விழுந்த மாதிரி இருக்கு. இதை எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

அவர் அதைக் கேலியாகவே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. கேலி என்றால் கோபமாவது வந்திருக்கும். காதுமடல் சூடேறி, சீருடைக்குள் உடம்பு முழுவதும் வியர்த்தது. அண்ணன் மகளைத் தேடினாள். அவள் சுவரோரம் திரும்பி நின்று பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அத்தையைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அதைச் செய்துகொண்டிருந்தாள்.

இருவரும் வெளியே வந்து படியிறங்கினார்கள். மாஸ்டர் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. குளத்தின் பெரிய ஜன்னல்களிலிருந்து நீல வெளிச்சம் நடைபாதையில் விழுந்து ஆடியது. தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது அவளுக்கு.

"அத்தை."

"ம்."

"பெல்ட் பரீட்சை அன்னிக்கு நான் உங்களைத் தூக்கிப் போட்டேனே."

"நல்லாத்தான் போட்டே."

"அத்தை…"

"நல்லாத்தான்டி போட்டே" என்றவளின் குரல் பாதியில் தேய்ந்தது. அன்று இந்தப் பெண்ணின் கை தன் தோளுக்கு வந்து சேர்வதற்கு முன்பே தான் காற்றில் இருந்ததை இப்போது நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மாணவர் சந்தோஷப்படட்டுமே என்றுதான் நினைத்திருந்தாள். அதை அன்பு என்றுகூட நினைத்திருந்தாள்.

"அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"என்ன சொல்லட்டும்?"

"எனக்கு அந்த வேலை வேணும், அத்தை. வேண்டாம்னு சொல்லிட்டா அடுத்தது எப்ப கிடைக்குமோ. ஆனா அந்தச் சுவத்துக்கிட்ட நடக்கிறப்ப…" பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். "இதுவரைக்கும் எனக்குப் பயமே இல்லை. பிரவுன் பெல்ட்டுன்னு நெஞ்சை நிமிர்த்திட்டு நடப்பேன்."

மாஸ்டர் அவள் காலணிகளையே பார்த்தாள். முகத்தைப் பார்க்கக் கண் எழவில்லை. வேலைக்குப் போட்டுக்கொள்ள வாங்கிய புதுக் காலணிகள், சத்தம் போடாத ரப்பர் அடி. பழக்குவதற்காக இன்றே போட்டு வந்திருக்கிறாள்.

"உங்களைத் திட்டுறேன்னு நினைக்காதீங்க."

"திட்டலாம்."

"எப்படித் திட்டுறது? நீங்கதானே மாஸ்டர்." லேசாகச் சிரித்தாள். சிரிப்பு நிலைக்கவில்லை. பையைக் கழற்றி நடைபாதையில் வைத்தாள். நீல வெளிச்சத்துக்குள் வந்து அத்தைக்கு எதிரே நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

"என் கையைப் பிடிங்க, அத்தை. இறுக்கிப் பிடிங்க, வலிச்சாலும் பரவாயில்லை. நான் என்ன பண்ணினாலும் நீங்க விழாதீங்க."