அத்தான் பச்சையாக்கிய திரை

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் மூன்று தகவல் திரைகள் உண்டு. மூன்றையும் வடிவமைத்தவள் நான். எல்லோருக்கும் ஒரே டேஷ்போர்டைப் போட்டால் போதாதா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிறவருக்கும், அடுத்த வருஷம் மாடு வாங்கலாமா என்று யோசிக்கிறவருக்கும் ஒரே மூக்குக்கண்ணாடியா மாட்ட முடியும்?

கீழே குளிரறையை ஒட்டி இருப்பது இந்த நிமிஷத்துக்கான திரை. எந்தக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே எவ்வளவு குளிர், எந்த மோட்டார் முனகுகிறது என்று சொல்லும். அதன் அருகே சுவரில் ஒரு பலகை: 'சிவப்பைக் கண்டால் உடனே சரிசெய். யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே.' நடுமாடியில் என் அறையில் இருப்பது ஏன் என்று துருவும் திரை. போன மாதம் மின்சாரம் எதனால் எகிறியது, எந்தக் கதவு அடிக்கடி திறந்து கிடக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். மேல்மாடியில் முதலாளி அறையில் இருப்பது, எங்கே போகிறோம் என்று காட்டும் திரை. நாலே நாலு பெரிய அம்புக்குறிகள். அங்கே பலகை கிடையாது, பழக்கம்தான் உண்டு. எது சிவப்பானாலும் கூட்டம் போடுவார்கள்.

கீழ்த் திரையைப் பார்த்துக்கொள்வது என் அத்தான். அக்கா என்னைப் பிய்த்துப் பிடுங்கி அவருக்கு வாங்கிக்கொடுத்த வேலை அது. அத்தான் சோம்பேறி இல்லை, குடிகாரரும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார், அதுதான் பிரச்சினை. சத்தம் கூடாது என்று சொன்ன ஒரு நூலகத்தில், தீ எச்சரிக்கை மணியின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை இழந்தவர். அதற்கு முன்னும் பின்னும் அதே கதைதான். இந்த வாரம் அவரை நிரந்தரமாக்கும் உத்தரவில் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். "இதுவும் போச்சுன்னா மனுஷன் ஒடைஞ்சு போயிடுவாருடி" என்று அக்கா தினமும் போனில் மூக்கைச் சிந்தினாள்.

இந்த நேரம் பார்த்து வெள்ளையடிக்க ஆள் வந்தார். சுவரில் இருந்த திரைகளைக் கழற்றினார். எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. திருப்பி மாட்டும்போது முதலாளி திரை கீழே வந்தது, அத்தான் திரை மேலே போனது. எங்கே மாட்டினாலும் ஒவ்வொன்றும் தனக்குரியதைத்தான் காட்டும்.

அன்று எனக்குப் பல் பிடுங்கல். தாமதமாக வந்தேன். அதற்குள் நடந்ததை வாசல் காவலர் பிற்பாடு சொன்னார்.

அத்தான் வந்து பார்த்திருக்கிறார். கதவுகளைக் காணோம், குளிரைக் காணோம். மூன்று பச்சை அம்புகள், ஒரு சிவப்பு. 'எதிர் ஐஸ் ஃபேக்டரியுடன் இணைப்பு: இழுபறி.' வக்கீல்கள் வருஷக்கணக்காக மென்றுகொண்டிருந்த விஷயம் அது. அத்தான் சுவர்ப் பலகையை ஒருமுறை படித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து போனார்.

நான் என் திரையைப் போட்டதுமே திக்கென்றது. மூன்றாம் கதவு காலையிலிருந்து திறந்தே கிடந்தது. கீழே போன் அடித்தேன், அத்தான் எடுக்கவில்லை. மேல்மாடிக்கு ஓடினேன். முதலாளியும் அதிகாரிகளும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அத்தானின் திரை, வெண்பலகையில் ஒரு கதவின் படம்.

"வாம்மா. மூணாவது கதவைப் பத்தி நாம இதுவரைக்கும் ஒரு நிலைப்பாடே எடுக்கல, தெரியுமா?" என்றார் முதலாளி.

"சார், அதைச் சாத்தினா போதும்."

"அவசரப்படாத. சாத்தினா என்ன ஆகும், சாத்தாட்டி என்ன ஆகும்னு ஆராய ஒரு குழு போட்டிருக்கேன்."

அப்போது அவர் போன் அடித்தது. கதவுப் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஸ்பீக்கரில் போட்டார். எதிர் ஐஸ் ஃபேக்டரிக்காரர் பேசினார்.

"உங்க ஆளு வந்திருக்காரு. இணைப்பு உடனே பச்சையாகணுமாம். எங்க பேருதான் முன்னால வரணும்னேன், சரின்னாரு. நிர்வாகம் எங்கிட்டதான் இருக்கும்னேன், அதுக்கும் சரின்னாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

"இங்க ஒரு கதவு தொறந்து கெடக்குய்யா. இந்த நேரத்துல கம்பெனியைப் பத்திப் பேச எனக்கு எங்க நேரம்? அவரு சொன்னா சரிதான்" என்று முதலாளி போனை வைத்தார்.

கீழே இறங்கி மூன்றாம் கதவை நானே சாத்தினேன். உள்ளே பட்டாணி மூட்டைகள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தன. அத்தான் திரும்பி வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படியொரு களை.

"அத்தான், இது முதலாளியோட திரை. இதுல சிவப்பு வந்தா ஆற அமர யோசிக்கணும்னுதான் அர்த்தம்."

"சிவப்பைப் பாத்துட்டு எப்படிம்மா ஆற அமர யோசிக்கறது? அவங்களுக்குத் தூக்கம் வருமா?"

"ஏணி எடுத்துட்டு வந்து திரையை மாத்தறேன். அதுவரைக்கும் இதைப் பாக்காதீங்க" என்றேன்.

"பாக்கறதுதானே என் வேலை?"

ஏணியின் உச்சியில் வெள்ளையடிப்பவர் இருந்தார். கையிலிருக்கும் சுவரை முடிக்காமல் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவரைக் கெஞ்சி இறக்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு நான் வந்து சேர்ந்தபோது திரை முழுக்கப் பச்சை. நாற்காலி காலி.

நடந்தது எனக்கு உடனே புரிந்தது. இணைப்பு முடிந்ததும் இரண்டு கம்பெனிகளின் ஆட்களையும் கூட்டிக் காட்டும் ஒரு வரி அந்தத் திரையில் உண்டு. இங்கே ஒரு குளிரறைக் காவல், அங்கே ஒரு குளிரறைக் காவல். 'பணியாளர்: ஒருவர் அதிகம்' என்று சிவப்பு வந்திருக்கும். அந்த வரியைப் போட்டவள் நான்தான். மேலே இருப்பவர்கள் அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கூட்டம் போடுவார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்பித்தான் போட்டேன்.

வாசல் காவலர் அத்தானின் அடையாள அட்டையை என்னிடம் நீட்டினார். "எண்ணிக்கையில தன்னைக் கழிச்சுக்கச் சொன்னாரு, கழிச்சுட்டேன். எதிர்ப் பக்கத்து ஆளுக்குச் சின்னக் கொழந்தை இருக்காம், அதனால இவரே போயிட்டாரு. யாரையும் கேட்டுக்கிட்டு நிக்கக்கூடாதாமே."

அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பல் பிடுங்கிய இடம் வேறு விண்விண் என்று தெறித்தது. போன் வந்தது. அக்கா.

"என்னடி மாயம் பண்ணின? அவரு சீக்கிரமே வந்துட்டாரு. சிரிச்ச மொகமா உக்காந்திருக்காரு. இன்னிக்கு ஒரு தப்புகூடப் பண்ணலயாம். எந்த வேலையிலருந்தும் இவரு இப்படி வந்து நான் பாத்ததே இல்ல. நிரந்தரமாயிடுச்சா?"

"அத்தான்கிட்ட குடுக்கா" என்றேன். வாய்க்கு வந்தபடி திட்டத்தான் கேட்டேன்.

போனை வாங்கியதும் அத்தான் முந்திக்கொண்டார். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

"ஏம்மா, இப்பவும் பச்சையாத்தானே இருக்கு?"

திரையை நிமிர்ந்து பார்த்தேன்.

"பச்சையாத்தான் இருக்கு அத்தான்."