நிமிஷத்துக்கு ஒரு நூல்

ஃபிட்டரின் மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று மூன்று மாதத்துக்குப் போனவள். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. அவள் இன்னும் திரும்பவில்லை. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. அங்கே வேலை இருந்தது. இங்கே இவர் மட்டும்தான் இருந்தார், அதுவும் ஓய்வு பெற்று.

முதல் வருஷம் சுவரோடு பேசிப் பார்த்தார். இரண்டாம் வருஷம் சுவரே காரை உதிர்த்துக்கொண்டு எழுந்து போகப் பார்த்தது. அப்புறம்தான் அவருக்கு யோசனை வந்தது. தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் கண்ணால் கண்டது: எங்கே ஒரு மெஷினைத் திறந்து போட்டாலும் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆகவே வீட்டில் மெஷின் இருந்தால் ஆள் வரும். பேச்சு வரும்.

பழைய இரும்புக் கடையில் இரண்டு ஸ்கூட்டர் சக்கரங்களையும், துணி துவைக்கும் மெஷினிலிருந்து கழற்றிய ஒரு மோட்டாரையும் பிடித்தார். சட்டத்துக்கு இரும்பு போதவில்லை. தான் படுத்திருந்த கட்டிலை அறுத்தார். அன்றிலிருந்து தரையில் படுக்கை. வெல்டிங் வெளிச்சத்தில் எதிர்வீட்டுச் சேவல் ஒரே ராத்திரியில் ஆறு தடவை விடிந்துவிட்டதாக நம்பிக் கூவி, தொண்டை கட்டி, ஒரு வாரம் வாய் திறக்கவில்லை.

நாலு மாதத்தில் முன்னறையில் ஆள் உயரத்துக்கு மரம் அறுக்கும் மெஷின் நின்றது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி நாடா மாதிரி ஓடும் ரம்பம். ஒரே ஒரு தப்பு. இரும்பை மெதுவாக அறுக்க வேண்டும், மரத்தை வேகமாக அறுக்க வேண்டும். ஆயுசு முழுக்க இரும்பு அறுத்த கை, அவரைக் கேட்காமலே மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரண்டு புல்லிகளை மாட்டி வேகத்தைக் குறைத்துவிட்டிருந்தது.

வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தார். மின்சாரக் கணக்கெடுப்பவர்கூட வெளியில் நின்றே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் தெருமுனைத் தச்சர் ஒரு மரச்சட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணே, என் மெஷின்ல மோட்டார் புகைஞ்சு போச்சு. இந்த நாற்காலிக் கால் ஒண்ண மட்டும் நீளவாட்டுல கிழிச்சுக்கட்டுமா?"

"அதுக்கென்ன தம்பி, வா வா."

கால் ஒன்றரை அடி. மெஷின் நிமிஷத்துக்கு ஒரு நூல் போனது, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ரம்பத்தின் மேல் ஏறிய எறும்பு ஒன்று, சுற்றிப் பார்த்துவிட்டு நடந்தே முன்னால் போய்விட்டது.

"என்னண்ணே இது, அறுக்குதா இல்ல தடவிக் குடுக்குதா?"

"புது மெஷின். கூச்சப்படுது."

இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் தச்சரின் மூன்று மச்சான்களும், அவருடைய முட்டி வலியும், ஒரு பழைய கோர்ட் வழக்கும் பேசி முடிந்தன. மறுநாள் இன்னொரு சட்டத்தோடு வந்தார். அன்றைக்கே ஃபிட்டருக்குத் தப்பு புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

இப்படி ஒரு மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் தச்சர் வண்டி நிறையச் சட்டங்களும், கையில் ஒரு புது பெல்ட்டுமாக வந்து இறங்கினார்.

"நாப்பது நாற்காலி ஆர்டர்ணே. நூத்தி அறுபது கால். நடுவுல இருக்கிற ரெண்டு புல்லியையும் கழட்டிட்டு நேரா பெல்ட் போட்ருவோம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்ணே."

ஃபிட்டர் ஸ்பேனரை எடுத்தார். பழைய வேகத்தில் நூற்று அறுபது கால் என்றால், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வைத்தாலும், மூன்று மாதத்துக்கு மேல் பேச்சு. என்றாலும் ஒரு நட்டைக்கூட அவர் அரைகுறையாக முடுக்கவில்லை. வேலை என்று வந்தால் அவரால் அப்படிச் செய்ய முடியாது.

ஒன்றேகால் மணி நேரம். நூற்று அறுபதும் முடிந்துவிட்டது. மெஷின் போட்ட இரைச்சலில் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழவில்லை.

தச்சர் தூளைத் தட்டிக்கொண்டு வண்டியில் ஏற்றினார். "வரட்டுமாண்ணே? மிச்சமெல்லாம் கை வேலைதான்."

"கை வேலைன்னா?"

"முதுகுப் பலகை. உளியால செதுக்கணும். ஒண்ணுக்கு அரை நாள் ஆகும்."

ஃபிட்டர் வாசலைப் பார்த்தார். தச்சரைப் பார்த்தார். ஆயுசில் யாரையும் இப்படிக் கேட்டதில்லை.

"இங்கயே உக்காந்து செதுக்கேன்."

"இங்கயா? இடம் எங்கண்ணே இருக்கு? ரூம் பூரா மெஷினாச்சே."

"அதை வெளிய தள்ளிருவோம்."

"மழை பெஞ்சா துரு பிடிக்கும்ணே!"

"பிடிக்கட்டும்," என்றார் ஃபிட்டர், ஏற்கெனவே குனிந்து ஒரு பக்கத்தைத் தூக்கியபடி. "நீ அந்தப் பக்கம் தூக்கு."