முப்பது சதவீதக் கழிவு

சூலியா தெருவில் ஷேக் அலாவுதீனின் கைவினைப் பொருள் கடை வாசலில் குப்பை லாரி நின்று யாரும் பார்த்ததில்லை. பாசிமணி, ஜிகினா, ரிப்பன், பசை, வண்ணத் தாள் என்று பினாங்கின் பள்ளிக்கூடங்களுக்கும் தையல் கடைகளுக்கும் அனுப்பும் நிறுவனம் அது. அங்கிருந்து வெளியே எறியப்பட்டது ஏதாவது உண்டென்றால், அது அடிமாட்டு விலைக்குக் கேட்ட வாடிக்கையாளராகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அமீரா சுற்றுச்சூழல் அதிகாரியாக வந்து சேர்ந்தாள்.

காரணம், கோலாலம்பூர் ஹோட்டல் குழுமம் ஒன்று. தன் விடுதிகளில் தங்கும் பிள்ளைகளுக்குக் கைவேலைப் பெட்டிகளை இவர்களிடம் வாங்க முன்வந்தது. நிபந்தனை ஒன்றுதான். ஜூன் மாதம் அவர்களுடைய ஆட்கள் வந்து, கடையால் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு கேடு என்று அளப்பார்கள். டிசம்பரில் மறுபடி வருவார்கள். அப்போது அது முப்பது சதவீதம் குறைந்திருக்க வேண்டும். குறைந்தால் ஒப்பந்தம். ஒப்பந்தம் கிடைத்தால் அமீராவுக்கு வேலை நிரந்தரம். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் காப்புறுதி அலுவலக வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். விடைபெறும்போது மேலாளரைப் பற்றி மனத்தில் இருந்ததையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்திருந்தாள். திரும்பிப் போக வழியில்லை.

கழிவைக் குறைப்பதுதான் முதல் வேலை என்று அவள் சொன்னதும் முதலாளி பூரித்துப்போனார்.

"அத நேத்தே செஞ்சிட்டேன்மா. பழைய கஸ்டமருக்கு பத்து பெர்சென்ட் கழிவு கொடுத்துக்கிட்டிருந்தேன். இப்ப அஞ்சுதான்."

அது தள்ளுபடிக் கழிவு, தான் சொல்வது குப்பைக் கழிவு என்று அமீரா விளக்க வேண்டியதாயிற்று. முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. நம் கடையில் ஏது குப்பை என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம்தான். அமீரா கடை முழுக்கத் தேடினாள். பொருள் அனுப்பும் பெட்டிகள் பக்கத்து பிஸ்கட் கடை தூக்கிப் போட்டவை. உள்ளே அடைப்பது பணமாற்றுக் கடைக்காரர் படித்து முடித்த செய்தித்தாள். கயிறு, வந்த மூட்டைகளிலிருந்து அவிழ்த்து முடிச்சுப் போட்டது. ரிப்பன் துண்டுகளைக்கூட ஒரு பையில் போட்டு 'கலப்பு ரிப்பன்' என்று விற்றார்கள். வாடிக்கையாளர் வெளியேறி நடைபாதையில் கால் வைத்ததும் விளக்கை அணைப்பது முதலாளியின் வழக்கம். சில சமயம் அவர்கள் உள்ளே இருக்கும்போதே அணைப்பதும் உண்டு.

பொட்டலம் கட்டும் மோகனராஜுக்கு இந்தத் தேடலைப் பார்ப்பதே பொழுதுபோக்காகிவிட்டது. "எலும்பும் தோலுமா இருக்கிறவன்கிட்ட போயி வெயிட்ட குறைடான்னு சொல்றீங்களே மேடம், பாவம் லா" என்றான்.

ஏதாவது செய்வதுபோலக் காட்ட வேண்டுமே என்று அமீரா ஒரு பேனர் அடித்துக் கடை முகப்பில் மாட்டினாள். 'இவ்வாண்டு எங்கள் நிறுவனத்தில் 30% கழிவுக் குறைப்பு!' பக்கத்தில் ஒரு பச்சை இலை. மாட்டிய திருப்தியோடு கடல் பாலம் தாண்டி அக்கரையில் இருந்த வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை கடைக்குள் நுழையவே அவளுக்கு இடமில்லை. தையல்காரர்கள், ஆசிரியைகள், கல்யாண வீட்டுக்காரர்கள் என்று தெருவில் பாதிப் பேர் உள்ளே இருந்தார்கள். எல்லாருக்கும் முப்பது சதவீதக் கழிவு வேண்டும். அது குப்பையைப் பற்றிய அறிவிப்பு என்று அமீரா தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தாள். தையல் கடைக்காரி காமினி நம்பவே இல்லை.

"குப்பையப் பத்தி யாராச்சும் வாசல்ல எழுதி மாட்டுவாங்களா தங்கச்சி? குடுக்க மனசில்லன்னா நேராச் சொல்லுங்க."

முதலாளி நினைத்திருந்தால் பேனரைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. மதியத் தொழுகைக்குக் கடையை மூடியவர், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகத் திறந்தார். அதற்குள் எல்லா விலைச் சீட்டும் மாறியிருந்தது. பிறகு எல்லாருக்கும் தாராளமாக முப்பது சதவீதக் கழிவு கொடுத்தார். கூட்டம் அவரை வாழ்த்திக்கொண்டே வாங்கிப் போனது.

அதற்குப் பிறகு கூட்டம் குறையவே இல்லை. பழைய பெட்டிகள் போதாமல், இலை அச்சிட்ட புதுப் பெட்டிகள் வந்தன. செய்தித்தாள் தீர்ந்து காற்றுக் குமிழித் தாள் வந்தது. கூடை கூடையாகப் பிளாஸ்டிக் பை வந்தது. வியர்த்துக் கொட்டியவர்கள் நின்று வாங்குவதற்காகக் குளிர்சாதனம் வந்தது. கடைசியில் குப்பை லாரியும் வந்தது.

அமீரா முதலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. குறைக்க ஒன்றுமே இல்லை என்றுதானே தவித்தாள்? இப்போது மலைபோல இருக்கிறது. ஜூன்வரை வளரவிட்டு, அதன்பின் வெட்டினால் முப்பது என்ன, அறுபதுகூடக் குறையும். முதலாளியிடம் சொன்னாள். அவர் அவளை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

ஆனால் வீணாக்குவது அவருக்குக் கைவரவில்லை. கிழியாத பைகளை நீவி மடித்து மேசைக்கடியில் ஒளித்து வைத்தார். அமீரா கண்டுபிடித்துக் கடிந்துகொண்டாள்.

"முதலாளி, தயவு செஞ்சு ஒழுங்கா வீணாக்குங்க."

ஜூன் அளவைக் கொழுக்க வைப்பதற்காகத் தன்னையும் அவள் விடவில்லை. மாடியில் தனக்கென்று குளிரூட்டிய தனி அறை கேட்டு வாங்கினாள். கட்டுக்கட்டாக அறிக்கை அச்சடித்தாள். மற்றவர்கள் நடந்தோ ஃபெர்ரியிலோ வர, அவள் மட்டும் தினமும் தனியாகக் காரில் பாலம் தாண்டி வந்தாள். அத்தனையும் கணக்கில் சேர்ந்தது. ஹோட்டல் ஆட்கள் ஜூனில் வந்து அளந்துவிட்டு, நிலைமை மோசம் என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அமீராவுக்கு ஒரே சந்தோஷம்.

ஜூலையில் வெட்ட ஆரம்பித்தாள். ஒன்றும் வெட்டுப்படவில்லை. குளிர்சாதனத்தை நிறுத்தியதும் கூட்டம் எதிர்க்கடைக்குப் போனது. மோகனராஜ் மயக்கம் என்று மருத்துவ விடுப்பு எடுத்தான். பை இல்லையென்றால் சரக்கும் வேண்டாம் என்றார்கள். இலைப் பெட்டி அழகாக இருப்பதால், பெட்டிக்காகவே வாங்கும் கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது. முதலாளியே நாற்காலியைக் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இதை அணைப்பதைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரையும் குளிரூட்டிய அறையையும் விட அமீராவுக்கும் மனம் வரவில்லை.

நவம்பர் கடைசியில் அவர் அமீராவைக் கூப்பிட்டு, தேநீரும் வரவழைத்தார். அந்தக் கடையில் முதலாளி தேநீர் வாங்கித் தருவது நல்ல சகுனமில்லை என்று மோகனராஜ் முன்பே சொல்லியிருந்தான்.

"கணக்கெல்லாம் பாத்தேன்மா. ஒரே ஒரு எடத்துல கைவச்சா போதும், முப்பதுக்கு மேலயே குறையுது" என்றார் முதலாளி.

"எந்த எடம்?"

"நீங்கதான்."

விளையாடுகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் விளையாடவில்லை. அவளுடைய கார், அவளுடைய அறை, அவளுடைய அறிக்கைகள். இந்த நிறுவனத்தில் சுற்றுச்சூழலை அதிகம் கெடுப்பது சுற்றுச்சூழல் அதிகாரிதான் என்பதை மிகுந்த வருத்தத்தோடு எடுத்துச் சொன்னார்.

"ஒப்பந்தம் கிடைச்சா வேலை நிரந்தரம்னு சொன்னீங்களே."

"வேலை நிரந்தரம்தான்மா. ஆளுதான் இருக்கக்கூடாது."

கதவோரம் மோகனராஜ் நின்றிருந்தான். வேலையை ஒழுங்காகச் செய்தால் இப்படித்தான் ஆகும், தன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம் என்று அனுதாபப்பட்டான்.

பழைய அலுவலகத்து மேலாளரின் முகம் அமீராவின் கண்முன் வந்தது. அங்கே போவதைவிடக் கடலில் குதிக்கலாம். அவள் தேநீரை மெதுவாக உறிஞ்சினாள்.

"ஹோட்டல்காரங்க அடுத்த வருஷமும் முப்பது குறைக்கச் சொல்வாங்களே முதலாளி. அப்ப யார நிப்பாட்டுவீங்க?"

முதலாளி இதை யோசிக்கவில்லை. மெல்லத் திரும்பி மோகனராஜைப் பார்த்தார். மோகனராஜுக்குத் திடீரென்று பொட்டலம் கட்டும் வேலை நினைவுக்கு வந்துவிட்டது. பிறகு குளிர்சாதனத்தைப் பார்த்தார், துண்டை இறுக்கிக்கொண்டார். வேறு வழி தெரியவில்லை.

"அப்ப ஒன்னு செய்யலாம்மா. ஜனவரியில நீங்களே திரும்பி வந்துருங்க. டிசம்பர் வந்தா நிப்பாட்டிக்குவோம். வருஷா வருஷம்."

டிசம்பர் மாதத்துக்கும் சம்பளம் உண்டென்றால் வருவதாக அமீரா சொன்னாள். முதலாளி கண்ணை மூடி வலியைப் பொறுத்துக்கொண்டு சம்மதித்தார். அவள் எழுந்து கதவைத் தாண்டியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அமீரா, அந்தக் குட்டிக் காரு வேணாம்மா. பெருசா ஒன்னு பாத்து எடுத்துட்டு வாங்க. குறைக்கிறதுக்கு நமக்கு எடம் வேணும் லா."